கினித் தொட்டியில் மூன்று

ஆகஸ்ட் பதினோராம் தேதி புயல் கரையேறியது. காலை எட்டு மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர், பத்து மணிக்கு இடுப்பளவு. எங்கள் கடலோர ஊர் ஜியாதோங்கில் இது புதிதல்ல. மீன்குளங்களுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஊரே தாழ்ந்து கிடக்கிறது. கடல் ஒரு பக்கமும் வாய்க்கால் ஒரு பக்கமும் சேர்ந்து உள்ளே வரும். நாங்கள் அரிசியையும் மோட்டாரையும் படுக்கையையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் வடியும்வரை காத்திருப்போம்.

எதிர்வீட்டு லாய் குன்முவின் மீன்கொட்டகைக்கு மாடி கிடையாது.

குன்முவும் அவர் மனைவி சியூதாவும் அந்தக் கொட்டகையில் பிச்சிர் மீன் வளர்க்கிறார்கள். ஆப்பிரிக்க ஆற்று மீன். முழங்கை நீளத்துக்கும் மேலே வளரும். பாம்பு மாதிரி உடம்பு, ஓடு மாதிரி செதில், முதுகில் சின்னச் சின்னக் கொடிகள் நட்டது போல வரிசையாகத் துடுப்பு. கடைக்காரர்கள் டைனோசர் மீன் என்று சொல்லி விற்பார்கள். அவர்கள் வளர்ப்பது அதில் புலிப்பட்டை என்கிற வகை. அந்த வகையிலும் இரண்டு ஊர் மீன்கள் அவர்களிடம் இருந்தன. ஒன்று கினி நாட்டில், ஆறு பிறக்கிற பக்கத்தில் பிடித்தது. மற்றது அதே ஆறு கடலுக்குப் போகிற நைஜீரியாப் பக்கத்தில் பிடித்தது. கினி பன்னிரண்டு, நைஜீரியா பதினொன்று, ஆக இருபத்து மூன்று. பதினொரு வருடமாக இரண்டையும் கலக்காமல், தனித்தனித் தொட்டியில் வைத்துக் குஞ்சு எடுத்தார்கள்.

கலக்கவில்லை என்பதுதான் அந்தப் பண்ணையின் பெயர். வெறும் புலிப்பட்டைக் குஞ்சு எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். லாய் வீட்டுக் கினிக் குஞ்சு என்றால் ஜப்பானிலிருந்து ஆள் வரும். அந்தப் பெயர் போய்விட்டால் அது இன்னொரு கடைமீன் பண்ணை, அவ்வளவுதான்.

குன்முவின் கண்ணுக்கும் ஒரு பெயர் இருந்தது. எங்கிருந்தோ யாராவது போனில் படம் அனுப்பி, இது எந்த ஊர் மீன் என்று கேட்பார்கள். அவர் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, பட்டையின் அகலத்தையும் தாடைக்குக் கீழே நிறம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுவார். ஒருமுறை தைனான் கண்காட்சியில் கினி என்று எழுதி வைத்திருந்த தொட்டிக்கு முன்னால் நின்று, இது நைஜீரியா என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டார். மீன்காரர் சண்டைக்கு வந்தார். பிறகு இறக்குமதித் தாளைத் தேடி எடுத்துப் பார்த்ததில் குன்மு சொன்னதே சரியாக இருந்தது.

இதனால்தான் அவர் மீன்களுக்குச் சில்லுப் பதிக்கவில்லை. பெரிய மீன் வளர்ப்பவர்கள் அரிசி அளவு சில்லு ஒன்றை ஊசியால் சதைக்குள் ஏற்றிவிடுவார்கள், கருவியைக் காட்டினால் எண் சொல்லும். அவர்கள் மகள் யீஜென் காவ்சியுங்கில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவள் இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்த்தாள். இந்தச் செதிலில் ஊசி இறங்காது என்று முதலில் சொன்னார். இறங்கும் என்று அவள் நிரூபித்த பிறகு, என் கண் இருக்கும்போது சில்லு எதற்கு என்றார். தொட்டியின் வெளிப்பக்கம் நாடா ஒட்டி, கினி, நைஜீரியா என்று எழுதியிருந்தார். பெயர் தொட்டிக்கு இருந்தது, மீனுக்கு இல்லை.

பதின்மூன்றாம் தேதி தண்ணீர் வடிந்தது. நானும் மண்வெட்டியோடு போனேன். கொட்டகைக்குள் கணுக்கால் சேறு. எட்டுத் தொட்டிகளில் ஆறு கவிழ்ந்து அல்லது உடைந்து கிடந்தன. வேறு எந்த மீனாக இருந்தாலும் அன்றைக்கே நாறியிருக்கும். பிச்சிருக்கு நுரையீரல் உண்டு. ஈரம் இருந்தால் போதும், முன்துடுப்பை ஊன்றித் தரையில் ஊர்ந்தே பிழைத்துக்கொள்ளும். சியூதாவ் சேற்றில் மண்டியிட்டுக் கையை விட்டுத் தடவினாள். அலமாரிக்குக் கீழே இரண்டு, தீவன மூட்டைக்கு அடியில் ஒன்று, கழிவுக் குழிக்குள் மூன்று. பிடிக்கப் பிடிக்க, உடையாமல் மிஞ்சிய கறுப்புத் தொட்டியில் விட்டார்கள். அதில் பத்து ஆனதும் இடம் போதவில்லை. பழைய வெள்ளைத் தொட்டி ஒன்றைக் கழுவி, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கிடைத்தவற்றை அதில் விட்டார்கள்.

கடைசி மூன்று மீன், தெருக்கோடியில் கொடுவா மீன் குளம் வைத்திருக்கும் ஆபாவின் குளத்தில் அகப்பட்டன. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தான்.

"குன்மு அண்ணே, உன் டைனோசர் மூணும் என் குளத்துல நாலு நாளு விருந்து சாப்பிட்டிருக்கு. இப்ப அதுங்க கினியும் இல்ல, நைஜீரியாவும் இல்ல. வயித்துக்குள்ள இருக்கறது பூரா என் மீன்தான்."

குன்மு சிரிக்கவில்லை. சியூதாவ் அவனுக்கு ஒரு பை நிறைய வாட்டர் ஆப்பிள் பழம் கொடுத்து அனுப்பினாள். மொத்தம் பத்தொன்பது கிடைத்திருந்தன. நான்கைக் காணோம்.

அடுத்த பத்து நாள் கழுவுகிற வேலை. நாடாக்கள் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டிருந்தன. யீஜென் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, சுவரில் பிளீச்சிங் பவுடர் தெளித்து, வடிகட்டிப் பஞ்சை எல்லாம் வெயிலில் காயப் போட்டாள். சந்திரப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதப் படையலும் அந்த வாரம்தான் வந்தது. அலையும் ஆவிகளுக்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மேசை போட்டார்கள். சியூதாவ் கொட்டகை வாசலிலும் ஒரு மேசை போட்டு, வேகவைத்த பன்றி இறைச்சி, பிஸ்கட் பொட்டலம், ஒரு கட்டு ஊதுவத்தி வைத்தாள். சமைக்க நேரமில்லாததால் நாங்கள் எல்லோரும் அந்த இறைச்சியை நறுக்கிப் போட்டு அரிசிப் பட்டை நூடுல்ஸ் தின்றோம். அப்போதுதான் குன்மு, முப்பத்தொன்றாம் தேதி குவபாரா வருகிறார் என்றார்.

குவபாரா நாகோயாக்காரர். கினி மீனில் அவரிடம் ஆண் மட்டும்தான் மிஞ்சியிருந்தது, பெண் மீன்கள் செத்துப்போயின. லாய் வீட்டிலிருந்து இரண்டு கினிப் பெண் மீன் வாங்கிப் போவதாகப் போன மார்கழிக் குளிரிலேயே பேசி முடித்திருந்தார்கள். இரண்டு இருந்தால்தான் அவருக்குப் பயன். ஒன்று முட்டை வைக்காமல் போனால் இன்னொன்று வேண்டும்.

வெள்ளம் வந்ததைச் சொல்லித் தள்ளிப்போடலாமே என்று யீஜென் கேட்டாள். பத்தொன்பது மீனைப் பார்த்துப் பிரிக்க எனக்கு ஒரு காலை போதும் என்றார் குன்மு.

இருபத்து நான்காம் தேதி காலை அதைச் செய்தார். நல்ல வெயில். கொட்டகைக் கூரையில் கிழிந்த இடத்தின் வழியே வெளிச்சம் நேராகத் தொட்டிகளில் விழுந்தது. அவர் ஒவ்வொரு மீனாகப் பார்த்தார். சிலதை நீள வாக்கில் மடித்த வலையில் தூக்கி, தலையைத் துணியால் மூடி, பட்டைகளை விரலால் தொட்டு எண்ணினார். பதினொரு மணிக்கு முடிந்தது. கறுப்புத் தொட்டி கினி, பத்து. வெள்ளைத் தொட்டி நைஜீரியா, ஒன்பது. புதிதாக நாடா வெட்டி, எழுதி ஒட்டினார். கை கழுவிக்கொண்டு வந்து ஒரு பாக்கை வாயில் போட்டார். நெடுநாளைக்குப் பிறகு முகம் தெளிவாக இருந்தது.

சியூதாவ் இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தீவனம் வைப்பது எப்போதும் அவள் வேலை. தலை நிமிராமலே பேசினாள்.

"நீ எத்தனை மீனை இடம் மாத்தினே?"

"ரெண்டு. ஏன்?"

"பத்தொன்பதுல ரெண்டு. நாம சேத்துல கைக்கு வந்ததை வந்த வரிசையில போட்டோம். கினி எல்லாம் முதல் நாளே வரிசைல வந்து கறுப்புத் தொட்டிக்குள்ள ஏறிக்கிச்சா?"

அவர், அப்படியும் நடக்கும், கினித் தொட்டி கதவோரம் இருந்தது, அது முதலில் கவிழ்ந்திருக்கும் என்றார்.  அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து, வெள்ளைத் தொட்டியின் ஒரு மூலையைக் காட்டினாள். இதன் மூக்குக் குழல் இடது பக்கம் பிளந்திருக்கிறது, குஞ்சிலிருந்தே அப்படித்தான், இது கினித் தொட்டியில் இருந்த பெண் என்றாள். அதே வெள்ளைத் தொட்டியில் முதுகெலும்பு வளைந்த ஆண், அதுவும் கினி. கறுப்புத் தொட்டியில் இருக்கிற கீழ்த்தாடை கோணியது நைஜீரியா. கறுப்புத் தொட்டியில் இருக்கிற ஒற்றைக்கண் ஆண் கினி, வெள்ளைத் தொட்டியில் வயிற்றில் செதில் இல்லாத தழும்பு உள்ளது நைஜீரியா, அந்த இரண்டும் சரியான இடத்தில் இருக்கின்றன என்றாள். மொத்தம் ஐந்து. மற்றவற்றில் அவளுக்கு நிச்சயம் இல்லை.

"அஞ்சுல மூணு தப்பு," என்றாள் யீஜென்.

குன்மு மகளைப் பார்க்கவில்லை. மனைவியிடம்தான் பேசினார்.

"உனக்கு கினி எது நைஜீரியா எதுன்னு ஒரு நாளாச்சும் தெரியுமா? பட்டை எப்படி இருக்கும்னு சொல்லு பாப்போம்."

"தெரியாது. எனக்கு ஊரு தெரியாது. ஆளு தெரியும்."

"ஆளாம் ஆளு."

"பதினொரு வருஷமா சோறு போடறேன். யாரு எந்த வீட்டுல இருந்தா, யாரு எப்படித் திங்கறான்னு தெரியாதா. நீ அதுங்க முதுகைப் பாத்தே. நான் வாயைப் பாத்தேன்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாலைவரை வாய்க்காலோரம் பம்பு செட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் பிரிக்க ஒன்றும் இல்லை, அதை முந்தின நாளே நான் சரிசெய்து கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலை அவராகவே வந்து, அந்தப் பிளந்த மூக்கையும் வளைந்த முதுகையும் கறுப்புத் தொட்டிக்கு மாற்றினார். கோணல் தாடையை வெள்ளைத் தொட்டிக்கு மாற்றினார்.  அன்றிலிருந்து ஐந்து நாளும் காலையில் பல் துலக்கின வாயோடு வந்து தொட்டிக்கு மேலே குனிந்து நிற்பார். யாராவது வந்தால் காற்றுக் குழாயைச் சரிசெய்வது போல விலகிவிடுவார்.

மூன்றாம் நாளே தெரிந்தது. கறுப்புத் தொட்டிக்கு வந்த இரண்டும் கறுத்துப் பட்டை விரிந்து, தாடைக்குக் கீழே நிறம் இறங்கி நின்றது, அவர் கினி என்று படிக்கிற அடையாளம் அதுதான். வெள்ளைக்குப் போனது வெளுத்து, பட்டை ஒடுங்கி, பழைய துணி மாதிரி ஆகிவிட்டது. அடி நிறத்துக்குத் தக்கபடி மீன் நிறம் மாறும் என்பது குன்முவுக்குத் தெரியாத விஷயம் அல்ல, கடைக்காரர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் பதினொரு வருடமும் அவருடைய இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி பச்சைத் தொட்டியில் இருந்தவை. கண்காட்சித் தொட்டிகளும் ஒரே கறுப்பு. அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே அவர் கண்ணுக்கு வந்ததில்லை. சேற்றில் கிடைத்த மீனைப் பத்து நாள் இரண்டு நிறத்தில் ஊறவைத்துவிட்டு, ஊறின நிறத்தை ஊர் என்று படித்திருக்கிறார்.

முப்பதாம் தேதி இரண்டு நாடாக்களையும் உரித்தார். பச்சைத் தொட்டி ஒன்றை ஒட்டுப்போட்டு நிமிர்த்தி, அதில் மூன்று மீனை மட்டும் விட்டு, அதற்கு மட்டும் கினி என்று எழுதினார். மற்றவற்றைப் பச்சைத் தொட்டியில் இரண்டு மாதம் வைத்துத் திரும்பப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன்.

"பாக்கலாம்," என்றார். "பாத்துட்டு என்ன சொல்றது. முதல்லயும் பாத்துதானே சொன்னேன்."

குவபாரா மறுநாள் பதினொரு மணி ரயிலில் வந்தார். மெல்லிய ஆள், அறுபது வயதிருக்கும். எங்கள் மொழியை வருடக்கணக்காகப் பண்ணைகளில் பழகியே கற்றுக்கொண்டவர், ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்துப் பேசுவார். பெட்டி நிறைய இறால் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். வெள்ளம் நின்ற உயரத்தைச் சுவரில் பார்த்து, தன் இடுப்போடு கையால் அளந்துகொண்டார். சியூதாவ் சர்க்கரைவள்ளிக் கீரை வதக்கி, பன்றிக் குழம்பும் சோறும் வைத்தாள். சாப்பிட்டு முடிகிறவரை மீன் பேச்சு எடுக்கவில்லை.

கொட்டகையில் அவர் நேராகக் கறுப்புத் தொட்டிக்குத்தான் போனார். குனிந்து பார்த்து, இதோ, இதோ என்று இரண்டு பெண் மீன்களைக் காட்டினார். நல்ல கினி மீன்கள் என்றார். குன்மு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"குவபாரா ஐயா, அதுல எது கினின்னு எனக்குத் தெரியாது. போன வாரம் நானும் இதே தொட்டியைத்தான் காட்டினேன். தப்பு. இந்தப் பச்சைத் தொட்டில இருக்கற மூணு மட்டும் கினி. அதுல பொண்ணு ஒண்ணுதான்."

"இந்த மூன்றை எப்படித் தெரிந்துகொண்டீர்கள், லாய் ஐயா?"

"நான் தெரிஞ்சுக்கல. இவ சொன்னா."

இதைச் சொல்ல அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டுப் பாக்குப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் தேடினார், அது கையிலேயே இருந்தது.

குவபாரா சியூதாவின் பக்கம் திரும்பிக் கேட்டார். அவள் மூக்கைக் காட்டினாள், முதுகைக் காட்டினாள், கண்ணைக் காட்டினாள். அவர் ஒரு கைவிளக்கை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு வெள்ளைத் தொட்டிக்குப் போனார். அங்கே எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று இருந்தது. பெண், வயிறு நிறைந்து, துடுப்பெல்லாம் முழுசாக இருந்தது.

"அம்மா, இது?"

 சியூதாவ் ஒரு இறாலை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். மீன் மூக்கால் தேடி வந்து, தலையை ஒருக்களித்துக் கவ்வியது.

வைகாசி வாக்கில் கினித் தொட்டியில் பெரிய பெண் ஒன்றுக்குச் சண்டையில் வலது முன்துடுப்பு பாதி போயிற்று என்று சொன்னாள். அது இப்படித்தான் தலையைச் சாய்த்துத் தின்னும். ஆனால் பிச்சிருக்குத் துடுப்பு போனால் எலும்போடு திரும்ப முளைத்துவிடும், மூன்று மாதத்தில் அடையாளமே இருக்காது. நைஜீரியாத் தொட்டியிலும் இதே அளவில் ஒரு பெண் இருந்தது. அதுவும் தலையைச் சாய்க்குமா என்று அவள் கவனித்ததில்லை.

"நீங்கள் நினைப்பது என்ன?" என்றார் குவபாரா. "நீங்கள் கினி என்றால், நான் கினி என்று எடுத்துக்கொள்கிறேன். இதுவும் அந்த மூக்கு மீனும். இரண்டு ஆகிவிடும்."

யீஜென் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த ஒரு சொல்லோடு பேரம் முடிந்து, கூரை போட்டு, பழைய பெயரோடு கொட்டகை நின்றுவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். குன்மு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இன்னொரு இறால் விட்டாள். இந்த முறை மீன் நேராக வந்து கவ்வியது.

"இவளாத்தான் இருக்கும்னு தோணுது," என்றாள். "தோணுறதுக்கு நான் பேரு வைக்க மாட்டேன். இவளை எனக்குத் தெரியல."

குவபாரா தலையசைத்தார். அந்த மூக்கு மீனை மட்டுமாவது தருவீர்களா என்று கேட்டார். குன்மு, எங்களுக்கு இருக்கிற கினிப் பெண்ணும் இனி அது ஒன்றுதான், மன்னிக்க வேண்டும் என்றார். குவபாரா அதை எதிர்பார்த்திருந்ததுபோல, நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் தரமாட்டேன் என்றார். முட்டை வந்தால் எழுதச் சொன்னார். வெறும் பெட்டியோடு மூன்றே முக்கால் ரயிலில் போனார். குன்மு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை பிங்தோங்கிலிருந்து கடைக்காரன் வண்டியோடு வந்தான். நைஜீரியா என்று தெரிந்த இரண்டும் ஆண், குஞ்சு எடுக்க உதவாது என்று அவற்றையும் சேர்த்துப் பதினாறு மீனும் அவனுக்கு. கடையில் வெறும் புலிப்பட்டை என்ன விலையோ அந்த விலை. குன்மு ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பையில் விட, சியூதாவ் காற்று நிரப்பி ரப்பர் போட்டாள்.  பெரிய பெண் மீன் கடைசியாக வந்தது. கடைக்காரன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து விசிலடித்தான்.

"இது சாதாரண மீன் இல்லையே அண்ணே. வாங்கறவன் எந்த ஊருன்னு கேப்பான். பைல என்ன எழுத? கினியா, நைஜீரியாவா? உங்க கண்ணுக்குத் தெரியாததா. சும்மா சொல்லுங்க, உங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். குன்மு மீனைப் பார்த்தார். பழக்கம் விடவில்லை, கண் தானாகப் பட்டையில் ஓடித் தாடைக்குக் கீழே போய் நின்றதை நான் கவனித்தேன். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் அடுத்த ரப்பரை விரலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜியாதோங்னு எழுதிக்கோ," என்றார். "பதினொரு வருஷமா இங்கதான் இருந்தது. அது மட்டும் உறுதி."

கடைக்காரன் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். எழுதவும் செய்தான்.